ஹார்ட் டிஸ்க் திறக்காவிட்டால்: கணக்கை மீட்கும் வழியும் காக்கும் வழியும்



எங்கள் தகப்பனார் காலத்தில் கடை அடைத்த பிறகும் ஒரு மணி நேர வேலை பாக்கி இருக்கும். அன்றைய சிட்டையைப் பார்த்துக் கணக்குப்பிள்ளை குறிப்பேட்டில் பதிவார். குறிப்பேட்டிலிருந்து பேரேட்டில் ஏறும். சிட்டை கடையிலேயே இருக்கும். பேரேடு வீட்டுப் பெட்டகத்துக்குப் போய்விடும். ஒரே கணக்கை எதற்கு மூன்று முறை எழுதுகிறார்கள் என்று சிறுவர்களாக இருந்த நாங்கள் சிரித்ததுண்டு. கடையில் ஒன்று நேர்ந்தால் வீட்டில் பேரேடு இருக்கும், பேரேட்டில் ஒரு பக்கம் போனால் சிட்டையைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு அது. கம்ப்யூட்டர் வந்ததும் அந்த ஏற்பாட்டை நாமாகவே கைவிட்டோம். அதன் விலை என்னவென்று 2023ஆம் ஆண்டு மார்ச் மாதம் எங்களுக்குத் தெரிந்தது. எங்களுக்கு நேர்ந்தது மற்றவருக்கு நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

நடந்தது என்ன?

அந்த ஆண்டு பிப்ரவரியில் கடைக்குப் புதிய கம்ப்யூட்டர் வாங்கினோம். பழையதைக் கழிவுக்குக் கொடுக்கும் முன் டேலி கணக்கு, பில்கள், பார்ட்டி விவரம் எல்லாவற்றையும் கையடக்கமான ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றினோம். புதிய கம்ப்யூட்டரில் கணக்கை எடுத்து வைப்பதை மட்டும் "ஆண்டு முடியட்டும்" என்று தள்ளிப்போட்டு, டிஸ்க்கைச் சொருகியபடியே அதிலேயே கணக்கு எழுதிவந்தோம். அதாவது பேக்கப் என்று பெயர் சொல்லி, இருந்த ஒரே கணக்கை அதில் வைத்திருந்தோம்.

மார்ச் கடைசி வாரம், சரக்கு இறக்கும் அவசரத்தில் யாரோ ஒருவர் காலில் கேபிள் சிக்கி, டிஸ்க் மேஜையிலிருந்து சிமெண்டுத் தரையில் விழுந்தது. எடுத்துச் சொருகினால் "இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மேட் செய்ய வேண்டும்" என்று கம்ப்யூட்டர் கேட்டது. எங்கள் வீட்டுப் பிள்ளை கழற்றிக் கழற்றி எட்டு ஒன்பது முறை சொருகிப் பார்த்தான். பிறகு வந்த கம்ப்யூட்டர் தம்பி செக் டிஸ்க் என்ற பழுதுநீக்கும் கட்டளையை ஓடவிட்டுச் சாப்பிடப் போனார். அவர் திரும்பி வந்தபோது டிஸ்க்கில் கடிகாரம்போல் டக், டக் என்று சத்தம்.

அப்போது 186 கடைகளிலிருந்து எங்களுக்கு வரவேண்டிய பாக்கி ஏறத்தாழ ரூ. 27 லட்சம். யார் யாருக்கு எவ்வளவு என்ற கணக்கு அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

நோய் தெரிந்தால்தான் மருந்து தெரியும். ஆகவே இதைச் சற்று விளங்கிக்கொள்ள வேண்டும்.

வெளி ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே காந்தப் பூச்சுள்ள வட்டத் தகடுகள் சுழல்கின்றன. கையடக்க டிஸ்க்குகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று சுழல்பவை. தகட்டைத் தொடாமல் அதன் மேலே ஓர் ஊசிமுனை மிதந்தபடி எழுத்தைப் படிக்கிறது. இதற்கு ஹெட் என்று பெயர். ஹெட்டுக்கும் தகட்டுக்கும் உள்ள இடைவெளி நம் தலைமுடியின் பருமனில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு. கீழே விழுந்தால் ஹெட் கோணலாகலாம். கோணலான ஹெட்டை வைத்து ஓட்டினால் அது தகட்டைச் சுரண்டும். சுரண்டப்பட்ட இடத்து எழுத்தை எவராலும் மீட்க முடியாது.

இன்னொன்று: பேரேட்டின் முன்பக்கத்தில் இன்னார் கணக்கு இத்தனையாம் பக்கம் என்று அட்டவணை இருக்குமல்லவா? டிஸ்க்கிலும் அப்படி ஓர் அட்டவணை உண்டு. ஃபார்மேட் செய்யச் சொல்லும்போது பெரும்பாலும் அந்த அட்டவணைதான் கிழிந்திருக்கும், உள்பக்கங்கள் அப்படியே இருக்கும். ஒரு ஃபைலை அழித்தாலும் முதலில் போவது அட்டவணையில் உள்ள பதிவுதான். அந்த இடத்தில் வேறொன்று எழுதப்படும் வரை பழைய எழுத்து இருக்கும். மீட்கும் வித்தை முழுவதும் இதை நம்பித்தான் நடக்கிறது.

முதல் விதி: கையை எடுங்கள்

டிஸ்க் பழுதானால் முதல் சேதம் தற்செயலாக நேர்வது. இரண்டாவது சேதத்தை நாமே பதற்றத்தில் செய்கிறோம். எங்கள் டிஸ்க் விழுந்தபோது கெட்டதைவிட, விழுந்த பிறகு நாங்கள் செய்ததால் கெட்டது அதிகம் என்று பின்னால் ஆய்வுக்கூடத்தில் சொன்னார்கள். ஆகவே கீழ்க்கண்டவற்றைச் செய்யாதீர்கள்.

1. ஃபார்மேட் செய்யவா என்று கேட்டால் "கேன்சல்" கொடுங்கள். விரைவு ஃபார்மேட் புது அட்டவணையை எழுதிவிடும். முழு ஃபார்மேட் விண்டோஸ் விஸ்டா முதல் டிஸ்க் முழுவதும் சுழியம் எழுதி எல்லாவற்றையும் துடைத்துவிடும்.

2. "இனிஷியலைஸ்" செய்யவா என்று கேட்டாலும் வேண்டாம் என்று விடுங்கள்.

3. செக் டிஸ்க்கை ஓடவிடாதீர்கள். நல்ல டிஸ்க்கில் அட்டவணைப் பிசகைச் சரிசெய்ய அது உதவும். பழுதான டிஸ்க்கில் அது எழுதத் தொடங்கினால், பெயர் தெரிந்த ஃபைல்கள் பெயரற்ற துண்டுகளாகிவிடும். முதலில் பிரதி எடுக்க வேண்டும். பழுது பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

4. மீட்கும் மென்பொருளைப் பழுதான டிஸ்க்கிலேயே ஏற்றாதீர்கள். மீட்ட ஃபைலையும் அதிலேயே சேமிக்காதீர்கள். ஓட்டை மூட்டையிலிருந்து சிந்திய அரிசியை அள்ளி மறுபடி அதே மூட்டையில் போடும் கதை அது.

5. குளிர்ப்பெட்டியில் வைத்தால் ஓடும், கையால் தட்டினால் ஓடும் என்பார்கள். குளிரில் உள்ளே ஈரம் கோக்கும். தட்டினால் ஹெட் போகும். மூடியைத் திறந்து பார்ப்பதும் கூடாது. ஒரு தூசி போதும், தகட்டைக் கெடுக்க.

நோயை அறிவது எப்படி?

கண்ணைவிடக் காதுதான் இங்கே நல்ல மருத்துவர். டிஸ்க்கைச் சமதளத்தில் வைத்து ஒரே ஒரு முறை சொருகிக் கேளுங்கள்.

டக் டக் என்றோ கரகரவென்றோ சத்தம் வந்தால்: உடனே கழற்றுங்கள். கடையில் செய்யக்கூடியது இதற்கு ஒன்றுமில்லை. தூசியற்ற அறை வைத்திருக்கும் ஆய்வுக்கூடத்தில் கொடுக்க வேண்டும்.

சத்தமே இல்லை, விளக்கும் எரியவில்லை என்றால்: பெரும்பாலும் கேபிளோ மின்சாரமோ போதவில்லை. வேறு நல்ல கேபிள் போட்டுப் பாருங்கள். பல துளை உள்ள ஹப்பில் சொருகாமல் கம்ப்யூட்டரின் பின்பக்க யு.எஸ்.பி. துளையில் நேராகச் சொருகுங்கள். மேஜையில் வைக்கும் பெரிய டிஸ்க்குக்குத் தனி அடாப்டர் உண்டு. அதே வோல்டேஜ், அதே முனை, போதுமான ஆம்பியர் உள்ள வேறு அடாப்டரால் சோதிக்கலாம். வேறொரு கம்ப்யூட்டரிலும் ஒரு முறை பார்க்கலாம். இருநூறு முந்நூறு ரூபாய்க் கேபிளோடு தொல்லை தீர்ந்துபோகும் டிஸ்க்குகள் பல.

சீராகச் சுழல்கிறது, ஆனால் டிரைவ் தெரியவில்லை என்றால்: விண்டோஸ் பொத்தானையும் எக்ஸ் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, டிஸ்க் மேனேஜ்மெண்டைத் திறங்கள். அங்கே டிஸ்க் நல்லபடியாகத் தெரிந்து எழுத்து மட்டும் இல்லாவிட்டால், ஈ, எஃப் என்று ஓர் எழுத்துக் கொடுத்தால் போதும். "ரா" என்று காட்டினால் அட்டவணை கெட்டிருக்கிறது என்று பொருள். பூட்டுச் சின்னம் தெரிந்தால் பிட்லாக்கர் போட்டிருக்கிறார்கள். அதற்குரிய கடவுச்சொல்லோ 48 இலக்கத் திறவு எண்ணோ இல்லாமல் திறக்காது. அந்த எண்ணை அச்செடுத்துப் பெட்டகத்தில் வைக்க வேண்டும்.

திறக்கிறது, ஆனால் ஒரு ஃபைல் எடுக்கப் பத்து நிமிடம் ஆகிறது என்றால்: தகட்டில் கெட்ட இடங்கள் கூடிவருகின்றன. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிஸ்க்கின் நாடித் துடிப்பைக் காட்டும். நீலம் என்றால் நலம், மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் ஆபத்து. மஞ்சளைப் பார்த்ததும் அன்றே பிரதி எடுக்கத் தொடங்குங்கள்.

தண்ணீரில் நனைந்த டிஸ்க்கை வெயிலில் காயவைக்காதீர்கள், சொருகியும் பார்க்காதீர்கள். ஈரம் காய்ந்தால் சேறும் உப்பும் தகட்டில் ஒட்டிவிடும். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும்.

எடுக்கும் முறை

சத்தமின்றிச் சுழலும் டிஸ்க் என்றால் இந்த வரிசையில் செல்லுங்கள்.

முதலாவது, திறக்கிற டிஸ்க் என்றால் மிக முக்கியமான ஃபோல்டரை மட்டும் முதலில் எடுங்கள். நமக்கு அது நடப்பாண்டுக் கணக்கு. படங்கள், பழைய விலைப்பட்டியல்கள் எல்லாம் பிறகு. சாகக் கிடக்கும் டிஸ்க் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

இரண்டாவது, டிஸ்க் முழுவதையும் அப்படியே வேறொரு டிஸ்க்கில் நகல் எடுக்க வேண்டும். லினக்ஸில் ஓடும் டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் இதற்கென்றே உள்ளது. நல்ல இடங்களை முதலில் விரைவாக எடுத்துக்கொண்டு, கெட்ட இடங்களைக் குறித்து வைத்துக் கடைசியில் மறுபடி முயலும். பாதியில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். நமக்குத் தெரியாவிட்டால், தெரிந்த பையனிடம் "முதலில் நகல், பிறகு மற்றது" என்று சொல்லிச் செய்யச் சொல்லுங்கள். நகல் வாங்கும் டிஸ்க் பழையதன் அளவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

மூன்றாவது, நகலை வைத்துத்தான் மீட்பு வேலை. டெஸ்ட்டிஸ்க் என்ற மென்பொருள் கெட்ட அட்டவணையைக் கட்டித்தர முயலும். அது முடியாதபோது ஃபோட்டோரெக் என்பது ஒவ்வொரு ஃபைலாகத் தேடி எடுக்கும். இரண்டும் இலவசம். ஆனால் ஃபோட்டோரெக் எடுக்கும் ஃபைல்களுக்குப் பழைய பெயரும் ஃபோல்டரும் இருக்காது.

இங்கே வணிகர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. டேலிக் கணக்கு ஒரே ஃபைலாக இருப்பதில்லை. 10000 என்பதுபோல் எண்ணைப் பெயராகக் கொண்ட ஒரு ஃபோல்டருக்குள் பல ஃபைல்கள் சேர்ந்துதான் ஒரு கம்பெனியின் கணக்கு. ஒன்றிரண்டு வராவிட்டாலும் கணக்குத் திறக்காமல் போகலாம். ஆகவே மீட்பவரிடம் ஃபோல்டரின் எண்ணைச் சொல்லி, அது முழுவதுமாக வேண்டும் என்று கேளுங்கள். டேலியின் பேக்கப் ஃபைலும் பில்களின் பி.டி.எஃப்.களும் இருந்தால் அவற்றையும் தேடச் சொல்லுங்கள்.

எஸ்.எஸ்.டி. எனப்படும் புதுவகை டிஸ்க்கில் சுழலும் தகடு இல்லை. விழுந்தால் எளிதில் கெடாது. ஆனால் அதில் அழித்த ஃபைலின் இடத்தைப் பல சமயம் கம்ப்யூட்டரே துடைத்துவிடும். அங்கே அழித்ததை மீட்கலாம் என்று நம்பியிருக்க வேண்டாம்.

ஆய்வுக்கூடத்தில் கொடுக்கும்போது

சரக்கு வாங்கும்போது எப்படிப் பேசிக்கொள்கிறோமோ அப்படியே இதிலும் முன்கூட்டிப் பேசிக்கொள்ளுங்கள். பார்க்க மட்டும் எவ்வளவு? மீளாவிட்டால் எவ்வளவு? மீண்ட ஃபைல்களின் பட்டியலைக் காட்டிய பிறகுதான் பணமா? நம் கணக்கை வேறு யாரும் பார்க்காமலிருக்க என்ன உறுதி? இவற்றை எழுத்தில் வாங்கி, டிஸ்க்கின் சீரியல் எண் போட்ட ரசீதும் பெறுங்கள். டிஸ்க்குக்கு நேர்ந்ததை ஒளிக்காமல் சொல்லுங்கள். விழுந்ததைச் சொல்லாமல் கொடுத்தால், அவரும் ஒரு முறை ஓட்டிப் பார்ப்பார்.

நாங்கள் சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் கொடுத்து ரூ. 28,000 செலவழித்தோம். மூன்று வாரம் கழித்துப் படங்களும் பழைய பில்களில் ஒரு பகுதியும் வந்தன. கணக்கு ஃபோல்டரில் சில ஃபைல்கள் வரவில்லை. கம்பெனி திறக்கவில்லை.

டிஸ்க் வராவிட்டாலும் கணக்கைக் கட்டலாம்

அன்று இரவு எங்கள் கடையில் யாரும் சாப்பிடவில்லை. மறுநாள் காலை ஆடிட்டர் சொன்னார்: "கணக்கு உங்க ஒரு இடத்துலேயா இருக்கு? கொடுத்தவன்கிட்டயும் இருக்கு, வாங்கினவன்கிட்டயும் இருக்கே." அதன்படி தொடங்கினோம்.

2022 மார்ச் 31 வரையிலான கணக்கின் பிரதி ஆடிட்டரிடமே இருந்தது. அது தொடக்க இருப்பாயிற்று. கொள்முதலுக்கு ஜி.எஸ்.டி. தளத்தில் 2பி அறிக்கைகளை இறக்கினோம். விற்பனைக்கு நாங்கள் தாக்கல் செய்த ஆர்-1 ரிட்டர்ன்களை எடுத்தோம். பதிவு பெற்ற கடைகளுக்குப் போட்ட பில்கள் எண்ணும் தேதியும் தொகையுமாக அதில் இருந்தன. வங்கிக் கணக்கு விவரத்திலிருந்து வரவுகளைப் பதிந்தோம்.

சிக்கல் ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத சிறு கடைகளில்தான். அவர்களுக்குப் போடும் பில் ரிட்டர்னில் மொத்தத் தொகையாகவே போகும், கடைவாரியாகப் போகாது. அப்படி 61 கடைகள், சுமார் ரூ. 9 லட்சம் பாக்கி. இதற்குக் கைகொடுத்தது லைன் வசூலுக்குப் போகும் பையனின் நோட்டுகள். அவற்றை வைத்துக்கொண்டு நாங்களே கடை கடையாகப் போனோம். நடந்ததை மறைக்காமல் சொல்லி, உங்கள் நோட்டைக் காட்டுங்கள் என்று கேட்டோம்.

கிராமத்தில் சிறு கடை வைத்திருக்கும் ஓர் அம்மாவிடம் ரூ. 11,200 என்று சொன்னோம். அவர் பில்களைக் கம்பியிலிருந்து உருவி எண்ணிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, நீங்க சொல்லுததவிட எங்க நோட்டுல 4,300 கூட நிக்கி, சேத்து எழுதிக்கிடுங்க" என்றார். நாங்கள் தொலைத்த கணக்கை அவர் காத்து வைத்திருந்தார். எல்லோரும் அப்படி இல்லை. கடைசியில் ரூ. 1,40,000 அளவுக்கு ஒத்துவராமல் எழுதித் தள்ளினோம். 27 லட்சத்தில் அவ்வளவோடு போனது நம் தொழிலில் உள்ள நாணயத்தால்தான். இரண்டரை மாதம் ஆயிற்று.

சட்டமும் இதையே கேட்கிறது

மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36ஆம் பிரிவுப்படி, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யவேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைக் காக்க வேண்டும். கம்ப்யூட்டரில் வைக்கும் கணக்குக்கு முறையான பேக்கப் வைத்து, விபத்தில் அழிந்தாலும் நியாயமான காலத்துக்குள் மீட்கும்படி இருக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு விதிகளில் 57ஆம் விதி சொல்கிறது. டிஸ்க் கெட்டுவிட்டது என்பது நமக்கு ஆறுதலுக்கு ஆகும், அதிகாரியிடம் பதிலாக ஆகாது.

இனி செய்ய வேண்டியவை

1. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில் அல்லது வேறு கட்டடத்தில். இதுதான் உலகமெங்கும் சொல்லும் விதி. கம்ப்யூட்டரில் ஒன்று, வெளி டிஸ்க்கில் ஒன்று, இணையச் சேமிப்பிலோ உறவினர் வீட்டிலோ ஒன்று.

2. பிரதி எடுத்ததும் டிஸ்க்கை முறையாக வெளியேற்றிக் கழற்றி, பெட்டகத்தில் வையுங்கள். சொருகியே இருக்கும் டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் புகும் பூட்டு வைரஸ் சேர்த்துப் பூட்டிவிடும். 2017 மே மாதம் உலகை உலுக்கிய வானாக்ரை அப்படிப்பட்டதுதான்.

3. இரண்டு டிஸ்க் வைத்து மாற்றி மாற்றி எடுங்கள். ஒன்று கெட்டாலும் மற்றதில் முந்தைய வாரக் கணக்கு இருக்கும்.

4. மாதம் ஒரு முறை பேக்கப்பைத் திறந்து பாருங்கள். ஓடும் கணக்கின் மேலேயே மீட்டால் அது அழிந்துபோகும். வேறொரு தனி ஃபோல்டரில் மீட்டு, பத்துப் பார்ட்டிகளின் பாக்கி ஒத்துவருகிறதா என்று சரிபாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப், எடை போடாமல் வாங்கிய மூட்டை.

5. மாதக் கடைசியில் பார்ட்டி வாரியான நிலுவைப் பட்டியலை அச்செடுத்து வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். நாலைந்து தாள் செலவு, லட்சக்கணக்கில் காப்பு.

நாங்கள் இப்படிச் செய்யத் தொடங்கிய அதே ஆண்டு, 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பெருமழை கொட்டியது. எங்கள் கிட்டங்கியில் இடுப்பளவு தண்ணீர். கம்ப்யூட்டரும், கடைப் பெட்டகத்தில் இருந்த டிஸ்க்கும் நனைந்தன. பருப்பும் சீனியும் போயின. ஆனால் மதுரையில் மகள் வீட்டில் ஒரு டிஸ்க் இருந்தது. தண்ணீர் வடிந்து கரண்டு வந்த மூன்றாம் நாள், அதை வரவழைத்து வேறொரு கம்ப்யூட்டரில் கணக்கைத் திறந்தோம். யாரிடமும் போய் உங்கள் நோட்டைக் காட்டுங்கள் என்று கேட்கவேண்டி வரவில்லை.

தகப்பனார் பேரேட்டை வீட்டுக்கு எடுத்துப்போனதும் இதற்காகத்தான். இதைப் படித்து முடித்ததும் உங்கள் கடைக் கணக்கு எத்தனை இடத்தில் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒன்று என்று விடை வந்தால், இன்று கடை அடைக்கும் முன்பே ஒரு பிரதி எடுத்துவிடுங்கள்.